குழாய்த் தண்ணீர் நமக்கு நல்லது, மீனுக்கு?

ஒருங்கிணைந்த பண்ணையம் பற்றி நாம் பேசத் தொடங்கியதிலிருந்து, நம்ம உழவர்கள் பலர் வீட்டுப் பக்கத்திலேயே மீன் வளர்க்க ஆரம்பிச்சிருக்காங்க. கொல்லையில் பத்தடிக்குப் பத்தடி தார்ப்பாய்க் குட்டை, மாட்டுக்கொட்டகை ஓரம் ஒரு சிமெண்ட் தொட்டி, பண்ணைக்குட்டையில் விடும் முன் குஞ்சுகளைப் பத்து நாள் வைத்துத் தேற்றும் சின்னத் தொட்டி என்று பல வகை. சித்திரை பிறந்ததும் கிணறு கீழே போயிடும். தொட்டியில் தண்ணி ஒரு முழம் இறங்கிடும். அப்போது கைக்கு எட்டுவது வீட்டுக் குழாய்தான்.

அந்தக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பும் முன் என்னென்ன சோதிக்க வேண்டும், வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது என்பதுதான் இந்தப் பாடம். ஒன்றை முதலிலேயே சொல்லிடுறேன். ஊராட்சிக் குடிநீர் குடிப்பதற்கு உரியது. அதைக் கொண்டு பெரிய பண்ணைக்குட்டையை நிரப்புவது பக்கத்து வீட்டுக் குடத்தில் கை வைப்பதற்குச் சமம். நான் பேசுவது ஐந்நூறு, ஆயிரம் லிட்டர் பிடிக்கும் சின்னத் தொட்டிகளைப் பற்றி. அந்தச் சின்னத் தொட்டியிலேயே ஒரு குடும்பத்தின் ஒரு பருவ உழைப்பு அழிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

நம்ம ஊர்த் தண்ணி எப்படிப்பட்டது?

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் நிலம் ஒரே மாதிரி இல்லை. மேற்கே பச்சைமலை அடிவாரம் கடும்பாறை. குன்னம், அரியலூர், செந்துறைப் பக்கம் வந்தால் சுண்ணாம்புக்கல் பூமி. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் கிடப்பதும், ஓடைக்கரையில் கிளிஞ்சல் அச்சுகள் கிடைப்பதும், அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் இருப்பதும் அந்தக் கடலால்தான். ஜெயங்கொண்டம் பக்கம் போனால் மறுபடி செம்மண்ணும் மணற்கல்லும்.

பூமி மாறினால் தண்ணியும் மாறும். சுண்ணாம்புப் பூமியில் எடுத்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, வெந்நீர் அண்டாவில் வெள்ளையாய்ப் படியும். கடினத்தன்மையும் காரத்தன்மையும் கூடுதல். சில ஊர்களில் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிறது. இன்னும் பல ஊர்களில் கொள்ளிடத் தண்ணியையும் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணியையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றுறாங்க. கோடையில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று என்று பங்கும் மாறும். அதனால் "எங்க மாமா ஊர்ல குழாய்த் தண்ணிதான் விடுறாங்க, ஒண்ணும் ஆகல" என்ற பேச்சு உங்க தொட்டிக்குப் பொருந்தாது. உங்க குழாயை நீங்கதான் சோதிக்கணும்.

முதல் எதிரி குளோரின்

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவது எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து வரும் குளோரின்தான் காலரா, வயிற்றுப்போக்கு, டைபாய்டு கிருமிகளைக் கொல்கிறது. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி நகரக் குடிநீரில் தொடர்ச்சியாகக் குளோரின் கலக்க ஆரம்பித்தார்கள். பிறகு உலகம் முழுக்கப் பரவியது. எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காத்த மருந்து அது.

ஆனால் மீன் தண்ணியைக் குடித்து வாழ்கிற உயிர் இல்லை, தண்ணியை மூச்சு விடுகிற உயிர். நாம் குடிக்கும் தண்ணி வயிற்றுக்குப் போய், அங்கிருக்கும் உணவோடு கலந்து, குளோரின் செத்துப்போகும். மீனுக்கோ தண்ணி செவுள் வழியாகப் போகிறது. செவுளில் ரத்தத்துக்கும் தண்ணிக்கும் இடையே மெல்லிய தோல் ஒன்றுதான் இருக்கிறது. குளோரின் அந்தத் தோலைச் சுட்டுவிடும். செவுள் சளி கோத்துக்கொள்ளும். தண்ணியில் காற்று நிறைய இருந்தாலும் மீனால் எடுக்க முடியாது. மேலே வந்து வாயைப் பிளக்கும், பிறகு சாய்ந்துவிடும்.

இப்போது அளவைப் பாருங்க. இந்தியக் குடிநீர்த் தரப்படி, குழாயில் வரும் தண்ணியில் மீதமிருக்கும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதைத்தான் ஒரு பி.பி.எம். என்கிறோம். நன்னீர் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் வரம்பு, ஒரு மணி நேரச் சராசரிக்கு 0.019 பி.பி.எம்., நான்கு நாள் சராசரிக்கு 0.011 பி.பி.எம். அதாவது நமக்குக் குறைந்தபட்சம் இருந்தே ஆக வேண்டிய அளவு, மீனுக்கு ஆகாத அளவைப்போல் பத்து மடங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊர்த் தொட்டி 30,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்க. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் வீதம் 120 கிராம் பவுடர் போடுகிறார்கள். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆக 40 கிராம். அதை 30,000 லிட்டருக்குப் பகிர்ந்தால் லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். அழுக்கோடும் கிருமியோடும் வினைபுரிந்து கொஞ்சம் குறையும். தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் அதிகமாக வரும், கடைசித் தெருவில் குறைந்து வரும். ஒரே ஊரில் இரண்டு வீட்டுக் குழாய்க்கு இரண்டு அளவு.

வேப்பூர் ஒன்றியத்தில் ஒரு ஊர். மகளிர் குழுவைச் சேர்ந்த ஆறு பேர் சேர்ந்து ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி, அறுநூறு ரோகு, கட்லாக் குஞ்சு வாங்கி விட்டிருந்தாங்க. மூன்று வாரம் கிணற்றுத் தண்ணியில் நன்றாக வளர்ந்தது. கிணறு வற்றியதும் ஒரு நாள் காலையில் பாதித் தொட்டியைக் குழாய்த் தண்ணியால் நிரப்பினாங்க. அன்று ஊரில் வயிற்றுப்போக்கு என்று பவுடர் கூட்டிப் போட்ட நாள். மதியத்துக்குள் அத்தனை குஞ்சும் மிதந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, யாரோ மருந்து கலந்துட்டாங்க, பொறாமை புடிச்சவங்க" என்று ஒரு அக்கா அழுதாங்க. குளோரோஸ்கோப் வைத்துப் பார்த்தேன். குழாய்த் தண்ணி நல்ல மஞ்சளாய்த் திரும்பியது. யாரும் மருந்து கலக்கவில்லை என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு மேல் இருந்த சந்தேகமாவது தீர்ந்தது. ஐந்து நிமிடச் சோதனை முன்னாலேயே நடந்திருந்தால் குஞ்சும் பிழைத்திருக்கும்.

குளோரோஸ்கோப் சோதனை

குளோரோஸ்கோப் என்பது உள்ளங்கை அளவுப் பெட்டி. ஊராட்சியில் தண்ணி திறந்து விடுகிறவரிடம் இருக்கும். ஒரு கண்ணாடிக் குழாய், ஓ.டி. என்கிற ஆர்த்தோடாலிடின் கரைசல், ஒப்பிட்டுப் பார்க்க நிற அட்டை, இவ்வளவுதான்.

1. குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் தண்ணி ஓடட்டும். குழாயில் தங்கிய பழைய தண்ணி உண்மையைச் சொல்லாது.

2. சோதனைக் குழாயை அதே தண்ணியால் இரண்டு முறை அலசி, கோடு வரை பிடியுங்க.

3. பெட்டியில் எழுதியிருக்கும் சொட்டுக் கணக்குப்படி கரைசலை விட்டு மெதுவாய்க் கலக்குங்க.

4. உடனே ஒரு முறை நிறத்தைப் பாருங்க. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்க. இரண்டையும் எழுதி வைங்க.

இரண்டு முறை பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடனே வரும் மஞ்சள், தனிக் குளோரின். நேரம் போகப்போகக் கூடும் மஞ்சள், வேறொன்றோடு சேர்ந்த குளோரின். அது என்ன என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

ஓ.டி. கரைசல் நச்சுத்தன்மை உள்ளது. கையில் படாமல் பாருங்க, பிள்ளைகள் எடுக்காத இடத்தில் வைங்க, சோதித்த தண்ணியை மீன் தொட்டியிலோ பாத்தியிலோ கொட்டாதீங்க. டி.பி.டி. என்ற மாத்திரைப் பெட்டியும் கிடைக்கிறது. அதில் இளஞ்சிவப்பு நிறம் வரும். ஒன்றாம் எண் மாத்திரை தனிக் குளோரினையும், மூன்றாம் எண் மாத்திரையைச் சேர்த்தால் மொத்தக் குளோரினையும் காட்டும். புதிதாய் வாங்குகிறவர்கள் அதையே வாங்கலாம்.

ஒரு நாள் சோதித்தால் போதாது. தொட்டியில் பவுடர் போட்ட காலை, அதே நாள் மாலை, மறுநாள் காலை என்று மூன்று முறை பாருங்க. தண்ணி திறந்து விடுகிறவரோடு பழகி வைப்பது எந்தக் கருவியையும்விட மேல். எங்க ஊரில் நான் கேட்பேன், "அண்ணே, இன்னைக்குப் பவுடர் எப்டி?" அவர் சொல்வார், "மழ நாளுப்பா, கொஞ்சம் கூடத்தான் போட்டிருக்கேன். மீனுக்குன்னா இன்னைக்குப் புடிக்காத, நாளன்னைக்குப் புடிச்சிக்க." தொட்டி கழுவிய நாளையும் தொட்டியிலேயே எழுதியிருப்பார்கள். கழுவிய மறுநாள் தண்ணியில் கவனமாய் இருங்க.

இப்போது முக்கியமான சங்கதி. இந்தப் பெட்டி மனிதருக்காகச் செய்தது. "குளோரின் போதுமான அளவு இருக்கிறதா?" என்ற கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். மீன் வளர்ப்பவரின் கேள்வி நேர் எதிரானது. "குளோரின் துளிகூட இல்லாமல் போய்விட்டதா?" என்று நாம் கேட்கிறோம். நிற அட்டையில் கீழ்ப்படி 0.1 அல்லது 0.2 என்றுதான் இருக்கும். 0.05 பி.பி.எம். இருந்தால் நம்ம கண்ணுக்கு நிறம் தெரியாது, ஆனால் செவுளுக்குத் தெரியும். அதனால் பெட்டியில் மஞ்சள் வந்தால் தண்ணி கட்டாயம் ஆகாது. மஞ்சள் வரவில்லை என்றால் ஆகும் என்று அர்த்தமில்லை, அடுத்த சோதனைக்குப் போகலாம் என்று மட்டும் அர்த்தம்.

சாணி போட்டால் குளோரின் போகுமா?

நம்ம ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஜீவாமிர்தம் கரைக்கக் குழாய்த் தண்ணி பிடித்தால் நுண்ணுயிர் சாகும் என்று நாம் சொல்லியிருக்கிறோம். அதை வைத்து, "தண்ணியில ரெண்டு கை சாணியோ கொஞ்சம் மாட்டுக் கோமியமோ விட்டா குளோரின் முறிஞ்சிடுமே?" என்கிறாங்க.

பாதி உண்மை. சாணியில் உள்ள கரிமப் பொருள் குளோரினைக் கொஞ்சம் தின்னும். ஆனால் சாணியிலும் கோமியத்திலும் அமோனியா இருக்கிறது. குளோரினும் அமோனியாவும் சேர்ந்தால் குளோரமைன் என்ற இன்னொரு பொருளாகிவிடும். தனிக் குளோரின் வெயிலில் ஓரிரு நாளில் பறந்துவிடும். குளோரமைன் அவ்வளவு சீக்கிரம் போகாது, நாள் கணக்கில், சில நேரம் வாரக் கணக்கில் தங்கும். வாசனையும் குறைவு, அதனால் முகர்ந்து பார்த்து ஏமாந்துவிடுவோம். செவுளைத் தாண்டி ரத்தத்துக்குள் போய், ரத்தம் காற்றைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடும். ஐந்து நிமிடம் கழித்துக் கூடும் மஞ்சள் என்று சொன்னேனே, அது இதுதான்.

நாம் சாணி போடாவிட்டாலும், ஊர்க் கிணற்றில் சாக்கடைக் கசிவால் அமோனியா இருந்து, மேலே பவுடரும் விழுந்தால் தொட்டியிலேயே குளோரமைன் உருவாகிவிடும். அதனால் முதலில் குளோரினைப் போக்குங்க, சோதிச்சுப் பாருங்க, அதன் பிறகு சாணிக்கரைசல் விடுங்க. இந்த வரிசை மாறக் கூடாது.

இரண்டாவது எதிரி: காரத்தோடு கைகோக்கும் அமோனியா

குளோரினுக்கு அடுத்து நம்ம சுண்ணாம்புப் பூமியில் கவனிக்க வேண்டியது பி.எச். என்ற கார-அமில அளவு. கடினத்தண்ணி என்பதாலேயே மீனுக்குக் கெடுதல் கிடையாது. கெண்டை வகைகள் அதில் நன்றாகவே வளரும். தாமிரம், துத்தநாகம் போன்ற உலோகங்களின் நஞ்சைக் கடினத்தன்மை குறைக்கவும் செய்யும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

மீன் கழிவிலிருந்தும், தின்னாமல் மிஞ்சிய பிண்ணாக்கு, தவிட்டிலிருந்தும் எந்தத் தொட்டியிலும் அமோனியா வரும். அது தண்ணியில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று சாது, இன்னொன்று நஞ்சு. எது எவ்வளவு என்பதைப் பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கும். 30 பாகை வெப்பத்தில் நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ இப்படி:

பி.எச். 7 என்றால் நூற்றில் 1 பங்குக்கும் குறைவு.
பி.எச். 8 என்றால் நூற்றில் 7 முதல் 8 பங்கு.
பி.எச். 8.5 என்றால் நூற்றில் 20 பங்கு.
பி.எச். 9 என்றால் நூற்றில் 45 பங்கு.

நஞ்சு வடிவம் 0.05 பி.பி.எம்.முக்குக் கீழே இருப்பதுதான் நல்லது. தொட்டியில் மொத்த அமோனியா 1 பி.பி.எம். இருக்கிறது என்று வையுங்க. பி.எச். 7இல் நஞ்சு 0.008தான், மீன் கவலையில்லாமல் சுற்றும். பி.எச். 8.5 ஆனால் அதே தண்ணியில் நஞ்சு 0.2. மீன் தின்னாது, ஓரத்தில் ஒதுங்கும், செவுள் வீங்கும்.

இதனால்தான் குழாய்த் தண்ணியில் குளோரினும் இல்லை, அமோனியாவும் இல்லை என்ற நிலையிலும் மீன் சாகலாம். குழாயிலிருந்து வந்தது காரம் மட்டும். தொட்டியில் ஏற்கெனவே இருந்த சாதுவான அமோனியாவை அது நஞ்சாய் மாற்றிவிட்டது. ஆகவே குழாய், தொட்டி இரண்டிலும் பி.எச். பார்க்கணும். பி.எச். தாள் மலிவானது, சிட்டிகை அளவு துண்டு போதும். தொட்டியில் காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மாலை மூன்று மணிக்கு ஒரு முறை பாருங்க. பச்சைப் பாசி உள்ள தொட்டியில் வெயில் ஏற ஏறப் பி.எச். கூடும். காலையில் 7.5 காட்டிய தொட்டி மூன்று மணிக்கு 9 காட்டினால், அந்த நேரத்தில் காரமான தண்ணியைச் சேர்க்காதீங்க. தீவனத்தை இரண்டு நாள் நிறுத்துங்க.

புதுச் சிமெண்ட் தொட்டிக்கும் இதே கதைதான். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.எச். 10ஐயும் தாண்டும். தண்ணி நிரப்பி, வாழைமட்டையும் வாழைத்தண்டும் வெட்டிப் போட்டு ஊறவைத்து, வாரம் ஒரு முறை தண்ணி மாற்றுவது நம்ம பக்கத்துப் பழைய முறை. இரண்டு, மூன்று தடவை மாற்றியபின் தாள் 8.5க்குக் கீழே காட்டினால்தான் மீன் விடணும்.

இன்னும் சில

நைட்ரைட்: கழிவுநீர் கசியும் கிணறுகளிலும், அடர்த்தியாய் மீன் விட்ட தொட்டிகளிலும் வரும். செவுளும் ரத்தமும் பழுப்பாய் மாறும். தண்ணியில் உப்பு இருந்தால் இதன் தாக்கம் குறையும். குழாயிலேயே நைட்ரைட் இருந்தால் மீனுக்கு மட்டுமல்ல, கைக்குழந்தைக்கும் ஆபத்து. உடனே ஊராட்சியில் சொல்லுங்க.

இரும்பும் காற்றின்மையும்: ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நேராக வரும் தண்ணியில் மீனுக்கு வேண்டிய காற்று குறைவு. இரும்பு இருந்தால் சிறிது நேரத்தில் செம்பழுப்பாய்ப் படிந்து செவுளில் ஒட்டும். உயரத்திலிருந்து பூவாளி போல் சிதறி விழும்படி விடுங்க. ஒரு நாள் தெளியவைத்து மேல்தண்ணியை மட்டும் எடுங்க.

புதுக் கல்வனைஸ் குழாய்: அதிலிருந்து துத்தநாகம் கரையும். ஜெயங்கொண்டம் பக்கம் போல் மென்மையான தண்ணி உள்ள ஊர்களில் இது கூடுதலாய்த் தாக்கும். தங்கிய தண்ணியை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்க.

பூச்சிமருந்து கலந்த வாளி, மயில்துத்தம் கரைத்த டிரம்: பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்தடிக்கும் ஊர்களில் இரவல் வாளி வாங்கித் தண்ணி சுமக்காதீங்க. எந்தத் தண்ணிச் சோதனையும் இதைக் காட்டித் தராது.

தண்ணியைப் பக்குவப்படுத்துவது

வெயில்தான் நம்ம முதல் மருந்து. வாய் அகன்ற தொட்டியில் முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாமல் பிடித்து, நல்ல வெயிலில் திறந்து வைத்து, காலையும் மாலையும் கலக்கி விடுங்க. இரண்டு பகல் போதும். மூடி போட்ட கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து வைத்தால் அவ்வளவு எளிதில் போகாது.

அவசரத்துக்குச் சோடியம் தயோசல்பேட் உண்டு. போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொன்ன அதே படிகம். குளோரின் 1 கிராமுக்கு 7 கிராம் கணக்கு. 0.5 பி.பி.எம். காட்டும் ஆயிரம் லிட்டர் தண்ணியில் குளோரின் அரை கிராம், ஆக மூன்றரை கிராம் படிகம் போதும். ஆனால் குளோரமைன் இருந்தால் இது குளோரினை மட்டும் எடுத்துவிட்டு அமோனியாவை விட்டுவிடும் என்பதை மறக்காதீங்க. சான்றிதழுக்குப் பதிந்த பண்ணை என்றால் பயன்படுத்தும் முன் உங்க குழுவில் பேசிடுங்க.

எலுமிச்சை பிழியலாமா என்று கேட்பாங்க. வைட்டமின் சி குளோரினை முறிக்கும் என்பது உண்மை. மேலே சொன்ன ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிராம் வேண்டும். நூறு மில்லி எலுமிச்சைச் சாற்றில் இருப்பது 30 முதல் 50 மில்லிகிராம்தான். கணக்குப் பார்த்தால் இரண்டரை முதல் நான்கு லிட்டர் சாறு. அந்தப் பழத்தை ஊறுகாய் போடுங்க, வெயிலுக்குக் காசில்லை.

பழைய, பாசி படிந்த தொட்டியில் சேறும் பாசியும் கொஞ்சம் குளோரினைத் தின்னும். அதை நம்பியே சிலர் நேராகக் குழாய் போடுறாங்க. 0.5 பி.பி.எம். தண்ணியில் நூறு லிட்டரை ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தொட்டியில் விட்டாலே மொத்தத்தில் 0.05 ஆகும், மீனின் வரம்பைத் தாண்டிவிடும். பாசி தின்னுமா தின்னாதா என்று மீனை வைத்துச் சூதாட வேண்டாம்.

கடைசித் தீர்ப்பு வாளியில்

பெட்டி காட்டாததை மீன் காட்டும். செலவில்லாத, நம்பகமான வாளிச் சோதனை இது.

இரண்டு வெள்ளை வாளி எடுங்க. மருந்து தொடாத வாளியாய் இருக்கட்டும். ஒன்றில் பக்குவப்படுத்திய குழாய்த் தண்ணி 15 லிட்டர். இன்னொன்றில் மீன் ஏற்கெனவே நலமாய் வாழும் தொட்டித் தண்ணி அல்லது கிணற்றுத் தண்ணி 15 லிட்டர். இரண்டும் ஒரே நிழலில், ஒரே சூட்டில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டங்குல ரோகு அல்லது கட்லாக் குஞ்சு ஐந்து விடுங்க. விராலும் கெளுத்தியும் மேலே வந்து காற்றைக் குடிக்கும் சாதி, சாட்சிக்கு ஆகாது. தீவனம் போடாதீங்க. மேலே வலை மட்டும் கட்டுங்க, மூடாதீங்க.

கால் மணி, ஒரு மணி, ஆறு மணி, ஒரு நாள் என்று நான்கு முறை பாருங்க. குழாய்த் தண்ணி வாளியில் மட்டும் மீன் துள்ளினால், வாய் பிளந்தால், சாய்ந்தால், தண்ணி ஆகாது. உடனே குஞ்சுகளை நல்ல தண்ணிக்கு மாற்றுங்க. சாகும்வரை பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, அறிகுறியே பதில். இரண்டு வாளியிலும் தவித்தால் குஞ்சே பலவீனம் அல்லது காற்றுக் குறைவு. இரண்டிலும் 24 மணி நேரம் அமைதியாய் நீந்தினால் தொட்டியில் விடலாம். அப்போதும் ஒரே நாளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீங்க.

எங்கே உதவி கிடைக்கும்?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டித் தண்ணி சோதிக்கலாம். கடினத்தன்மை, அமோனியா, நைட்ரைட், இரும்பு எல்லாம் அங்கே தெரியும். குளோரின் மட்டும் பாட்டிலில் போகும் வழியிலேயே குறைந்துவிடும், அதைக் குழாயடியிலேயே பார்க்கணும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தரணும். உங்க ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று ஊராட்சியில் கேளுங்க. மீன் வளர்ப்பு யோசனைக்குப் பெரம்பலூர்க்காரர்களுக்கு வாலிகண்டபுரத்திலும், அரியலூர்க்காரர்களுக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன.

ஒரு வேண்டுகோள். மீன் செத்துவிட்டது என்று தண்ணி திறந்து விடுகிறவரிடம் போய், "பவுடர் போடாதீங்க" என்று யாரும் சொல்லக் கூடாது. மழைக்காலத்தில் அந்தப் பவுடர் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுப்பது நம்ம பிள்ளைகள். குடிநீர் குடிநீராகவே வரட்டும். அதை மீனுக்கு ஏற்ற தண்ணியாய் மாற்றும் பொறுப்பு மீன் வளர்ப்பவருடையது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, குழாய் நிறம் உடனே, ஐந்து நிமிடம் கழித்து, குழாய் பி.எச்., தொட்டி பி.எச்., வாளி முடிவு என்று ஆறு கட்டம் போடுங்க. ஒரு வருடம் எழுதினால் உங்க ஊர்த் தண்ணி எந்த மாதம் எப்படி நடந்துகொள்ளும் என்பது உங்க கையில் இருக்கும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் எடுத்துட்டு வாங்க, ஊர் ஊராய் ஒப்பிட்டுப் பார்ப்போம்.